பூனை ஓயாமல் நக்குகிறது, சொறிகிறது, முடி கொட்டுகிறது: எந்த இடம் என்று பார்த்துக் காரணம் தேடும் முறை

பூனை தன் உபாதை எதுவானாலும் அதைப் பெரும்பாலும் நாக்கைக் கொண்டே தெரிவிக்கிறது. வயிற்றுத் தோலில் அரிப்பெடுத்தால் வயிற்றை நக்கும். மூத்திரப்பையில் எரிச்சல் இருந்தாலும் வயிற்றைத்தான் நக்கும். வீட்டுக்குப் புதிதாக ஒரு குட்டி வந்த கலக்கத்திலும் அதே இடத்தை நக்கும். ஆகவே "இது தோல் நோயா, குணக்கோளாறா" என்று முதல் நாளே முடிவு கட்ட முயல்வதில் பயனில்லை. உடம்பில் எந்த இடம், எவ்வளவு நாளாக, வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடினால், பாதி வழி தானாகவே தெளிந்துவிடும். கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பூனையிடம் தென்படும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அடுத்த இரு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

முடி உதிர்ந்ததா, அறுபட்டதா

முடி போன இடத்தின் ஓரத்தில் விரலை எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். சவரம் செய்து இரண்டு நாளான தாடை போல முள்முள்ளாகப் பட்டால், முடி வேரோடு இருக்கிறது, பூனைதான் நக்கி நக்கி அதை அறுத்திருக்கிறது என்று பொருள். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உண்டு. ஒரே இடத்தில் ஓயாமல் உரசினால் அவை ரம்பம் போல வேலை செய்யும். மாறாக, அந்த இடம் வழவழவென்று இருந்து, பக்கத்து முடியை லேசாக இழுத்தாலே கையோடு வந்தால், அது தானாக உதிர்கிறது, காரணம் வேறு. மருத்துவர் இதையே நுண்ணோக்கியில் முடி நுனியைப் பார்த்து உறுதி செய்வார். "பூனை நக்குவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லையே" என்று பலர் சொல்வதுண்டு. பூனைகள் பல, ஆள் இல்லாத நேரத்திலும் நள்ளிரவிலும்தான் நக்கும்; நீங்கள் பார்க்காதது சான்றாகாது.

கவலைப்பட வேண்டாதவை

கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் முடி அடர்த்தி குறைந்து தோல் தெரிவது எல்லாப் பூனைகளுக்கும் உள்ள அமைப்பு. கறுப்புப் பூனையிடம் அது எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். செம்பழுப்பு நிறப் பூனைகளின் உதட்டோரத்திலும் மூக்கிலும் ஈறிலும் வயது ஏற ஏறத் தட்டையான கறும்புள்ளிகள் தோன்றும். தடிக்காமல், புண்ணாகாமல் இருக்கும்வரை அவை மச்சத்துக்குச் சமம். மடியில் ஏறி முன்கால்களால் மாவு பிசைவது குட்டியில் தாயிடம் பால் குடித்த பழக்கத்தின் மிச்சம். கன்னத்தை நாற்காலிக் காலில் தேய்ப்பது தன் வாசனையைப் பூசி வைப்பது. விடியலிலும் அந்தியிலும் வீடு அதிர ஓடுவதற்கும் தோலுக்கும் தொடர்பில்லை. அந்த இரு பொழுதும் அதற்கு வேட்டை நேரம்.

இடுப்பிலும் வாலடியிலும் முடி போகிறது, தடவினால் பொரிப்பொரியாகத் தட்டுப்படுகிறது

பூனைக்குத் தோல் அரிப்பு என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தெள்ளுப்பூச்சியை. முதுகின் பின்பாதி, வாலின் அடி, பின்தொடை, கழுத்து ஆகிய இடங்களில் முடி மெலிந்து, முடிக்குள் கைவிட்டால் கசகசா தூவியது போலச் சின்னச் சின்னப் பொருக்குகள் உணரப்பட்டால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் கீழே சொல்லும் சோதனையைச் செய்து பாருங்கள்.

நான் அதைத் தாமதமாகத்தான் செய்தேன். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைக் கடுவன் மூன்றாம் மாடியை விட்டு இறங்கியதே இல்லை. அதனால் தெள்ளு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மாதக்கணக்கில் வாதாடிக் கொண்டிருந்தேன். ஒரு மாலை மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி, பேன் சீப்பால் வாலடியிலிருந்து முதுகை எதிர்த்து வாரினேன். பூச்சி ஒன்றும் விழவில்லை. மிளகுத் தூள் போலக் கறுப்பாகக் கொஞ்சம் விழுந்தது. ஈரப் பஞ்சால் அதை ஒற்றி எடுத்தபோது, ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வட்டம் கசிந்து பரவியது. மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது. அது தெள்ளு குடித்து வெளியேற்றிய, செரித்த இரத்தம். பூச்சி வந்த வழி பிறகு தெரிந்தது: மாடிப்படித் திருப்பத்தில் கிடந்த கால்மிதியில் இரவு நேரங்களில் ஒரு தெருப்பூனை படுத்துப் போயிருக்கிறது.

பூச்சி கண்ணில் படாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அரிப்பெடுக்கும் பூனை நக்கும்போதே பூச்சியை விழுங்கிவிடுகிறது. சான்றை அதுவே அழித்துவிடுகிறது. மற்றது, தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட பூனைக்கு விரல்விட்டு எண்ணும் அளவு கடிகளே போதும்; உடம்பெல்லாம் பூச்சி மொய்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மருந்து போட்டும் திரும்ப வருகிறது என்ற குறைக்கு விடை, தெள்ளின் வாழ்க்கைச் சுற்றில் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் முடியில் ஒட்டுவதில்லை. பூனை போகும் இடமெல்லாம் உப்பைத் தூவியது போல உதிர்ந்து, சோபா இடுக்கிலும் மெத்தை ஓரத்திலும் தரை ஓட்டின் வெடிப்பிலும் சேர்கின்றன. அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டுக்குள் ஊர்ந்து, மேலிருந்து உதிரும் அந்தக் கறுப்புத் துகள்களையே தின்று வளரும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பூச்சி மருந்து எளிதில் நுழையாது. உள்ளே இருப்பது வெப்பமும் அதிர்வும் மூச்சுக்காற்றும் கிடைக்கும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கும். பண்டிகைக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் சுரீர் சுரீரென்று கடி விழுவது இதனால்தான். பூனையின் மேல் இருக்கும் வளர்ந்த பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே என்பது பொதுவான கணக்கு. மீதியெல்லாம் வீட்டில் இருக்கிறது.

ஆகவே ஒரு முறை மருந்து போட்டு நிறுத்துவது வீண். வீட்டிலுள்ள பூனைகள், நாய்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் தொடங்கி, குறைந்தது மூன்று மாதம் இடைவெளி தவறாமல் தொடர வேண்டும். படுக்கை விரிப்புகளை வாரம் ஒரு முறை சூடான நீரில் துவைத்துக் கடும் வெயிலில் காய வைப்பதும், சோபா இடுக்குகளை வேக்கும் கிளீனரால் உறிஞ்சி அதன் பையை உடனே வெளியே கொட்டுவதும் மருந்துக்குச் சமமான வேலைகள். முதல் சில வாரங்களில் புதிய பூச்சிகள் தென்பட்டால் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்; அவை கூட்டுக்குள் காத்திருந்தவை. கூடவே ஆசனவாய் ஓரத்தில் காய்ந்த அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். நக்கும்போது தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும். அதற்குத் தனி மருந்து தேவை. குட்டியாக இருந்து ஈறு வெளுத்திருந்தால், இரத்தம் குடித்துச் சோகை வந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உயிராபத்து இருக்கிறது. செலமெக்டின், ஃபிப்ரோனில் போன்றவை பூனைக்கென்றே எடைக்கேற்ப அளவிட்டுக் கிடைக்கின்றன. நக்க எட்டாத பிடரியில் முடியை விலக்கித் தோலில் படும்படி துளியாக விட வேண்டும். நாய்க்கு விற்கும் துளி மருந்துகளிலும் பவுடர்களிலும் பெர்மெத்ரின் என்ற பொருள் இருப்பதுண்டு. நாயின் கல்லீரல் எளிதில் முறித்துவிடும் அதைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. சில மணி நேரத்திலேயே காது துடிக்கத் தொடங்கி, உடல் நடுங்கி, வலிப்பாக முற்றும். செல்லப்பிராணிப் பொருள் விற்கும் ஒரு கடையில் "நாய் மருந்துதான் சார், பாதி விட்டால் போதும்" என்று என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்கள். பின்பக்கத்தில், குறுக்குக் கோடு போட்ட ஒரு பூனைப் படம் பொடி அளவில் அச்சிட்டிருந்தது. அதைக் காட்டியதும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தவறி அப்படியொன்று பூனையின் மேல் பட்டுவிட்டால், பாத்திரம் துலக்கும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, நடுக்கம் தொடங்கும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீட்டு நாய்க்கு அந்த மருந்து விட்டிருந்தாலும், இரண்டு மூன்று நாள் பூனையை அதோடு உரசிப் படுக்க விடக்கூடாது.

வயிறும் உள்தொடையும் வழுக்கை, ஆனால் தோல் சுத்தமாக இருக்கிறது

இதைத்தான் "மனஅழுத்தம்" என்று சொல்லி எல்லோரும் எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். மன உளைச்சலால் முடி இழந்தவை என்று கருதி அனுப்பப்பட்ட 21 பூனைகளை முறைப்படி சோதித்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவற்றில் 16 பூனைகளுக்கு உடல்சார்ந்த காரணமே கண்டறியப்பட்டது. 3 பூனைகளுக்கு இரண்டும் கலந்திருந்தன. மனம் மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்கவை 2 மட்டுமே. ஆகவே மனத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, இந்த வரிசையில் விலக்கிக்கொண்டு வருவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மணல் தட்டைப் பாருங்கள். அடிக்கடி போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகிறதா, தட்டை விட்டுக் குளியலறைத் தரையிலோ வாஷ்பேசினிலோ போகிறதா, சிறுநீரில் இளஞ்சிவப்பு தெரிகிறதா? அப்படியானால் நக்குவது தோலை முன்னிட்டு அல்ல, மூத்திரப்பை வலியால். கடுவன் பூனை முக்கி முக்கி ஒன்றுமே வராமல் எழுந்துவந்தால், அது தோல் கட்டுரை படிக்கும் நேரமில்லை. அடைத்துக்கொண்ட சிறுநீர்ப்பாதை ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். இரவானாலும் கிளம்ப வேண்டும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காலம் கடத்தியவர்கள் உண்டு.

சிறுநீரில் குறையில்லை என்றால் மேலே சொன்ன தெள்ளு மருந்தை மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உணவுச் சோதனை. அதைத் தனியே கீழே சொல்லியிருக்கிறேன். இவையும் தோற்ற பிறகு வீட்டை நோக்கித் திரும்பலாம். ஜன்னலுக்கு வெளியே புதிதாக ஒரு பூனை வந்து உட்காருகிறதா, வீட்டு வேலை நடக்கிறதா, குழந்தை தவழத் தொடங்கியிருக்கிறதா, இரண்டு பூனைகளுக்கும் ஒரே தட்டில் சோறு வைக்கிறோமா என்று யோசித்துப் பாருங்கள். பூனைகள் சண்டையிடாமலே ஒன்றையொன்று விரட்டும். வழியில் படுத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பதே போதும். உணவுத் தட்டுகளை ஒன்றையொன்று காணாத இடங்களில் வைப்பது, மணல் தட்டுகளைப் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வைப்பது, அலமாரி உச்சி போல ஏறி ஒதுங்க ஓர் இடம் கொடுப்பது, நாளுக்கு இரு முறை பத்து நிமிடம் ஒரு கயிற்றையோ இறகையோ இழுத்து விளையாடுவது ஆகியவை செலவில்லாதவை. நக்கும்போது அதட்டுவது மட்டும் வேண்டாம். அது உங்கள் கண்ணில் படாமல் நக்கக் கற்றுக்கொள்ளும்.

காது மடல் நுனியில் தடித்த பொருக்கு, அல்லது காதுக்குள் கறுப்பு அழுக்கு

இரண்டும் பூச்சிதான், ஆனால் வேறு வேறு பூச்சி. காது நுனியில் சாம்பல் மஞ்சளாகத் தொடங்கி, நெற்றி, இமை, கழுத்து என்று இறங்கி, தோல் யானைத்தோல் போலச் சுருங்கித் தடித்தால், அது தோலுக்குள் வளை தோண்டி வாழும் நுண்ணிய சிலந்திப் பூச்சியால் வரும் சொறி. நம் தெருப்பூனைகளிடம் சாதாரணமாகக் காணக்கூடியது. அரிப்பு பொறுக்க முடியாததாக இருக்கும். பூனை சோறு உண்பதைக்கூட நிறுத்திவிட்டுப் பிறாண்டும். கையில் தூக்கிக் கொஞ்சியவர்களின் முன்கையிலும் வயிற்றிலும் சிவந்த பொரிகள் வரலாம். பூனைக்குக் குணமானால் மனிதருக்கு அவை தாமே அடங்கிவிடும். மருத்துவர் பொருக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய் இது. சில வாரங்களில் அடையாளம் தெரியாத அளவுக்குத் தேறிவிடும். வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், கந்தகம் குழைத்த களிம்பு எல்லாம் நம் வீடுகளில் வழிவழியாகப் பூசப்படுபவை. பூசியது எதுவானாலும் கால் மணி நேரத்தில் பூனையின் வயிற்றுக்குள் போய்விடும் என்பதே அவற்றின்மேல் எனக்குள்ள முதல் ஆட்சேபம்.

காதுக்குள் காப்பித்தூள் சக்கை போல உலர்ந்த கறுப்பு அழுக்கு நிறைந்து, பூனை தலையை உதறிக்கொண்டே இருந்தால் அது காதுப்பூச்சி. குட்டிகளிடம் மிகுதி, தாயிடமிருந்து தொற்றும். பட்ஸ் குச்சியை உள்ளே விட்டால் அழுக்கு ஆழமாகத் தள்ளப்படுவதோடு செவிப்பறையும் கிழியலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் கூடாது. உதறி உதறி மடலுக்குள் இரத்தக் குழாய் உடைந்து, காது பஞ்சுத் தலையணை போலப் புடைத்துவிட்டால், அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டியிருக்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ தொற்று உட்காதுவரை போயிருக்கலாம்.

வெள்ளைக் காது கொண்ட பூனைகளுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் வெயிலில் பல ஆண்டுகள் படுத்துப் பழகிய வெள்ளைப் பூனையின் காது நுனியோ மூக்கோ சிவந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்து, ஆறாமல் மறுபடி பொருக்குத் தட்டினால் அது தோல் புற்றின் தொடக்கமாக இருக்கலாம். அரிப்பு இருக்காது என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. காது நுனியோடு நிற்கும்போது அதை வெட்டியெடுத்தால் பூனை நெடுநாள் வாழும். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை அதை நிழலில் வைத்துக்கொள்வது தடுப்பு.

வட்டமாக முடி போய், ஓரத்தில் செதில் தட்டுகிறது

படர்தாமரை என்று சந்தேகிக்கலாம். ஆனால் பார்த்த மாத்திரத்தில் உறுதி சொல்ல முடியாது. இது புழுவோ பூச்சியோ அல்ல, முடியைத் தின்னும் பூஞ்சை. குட்டிகளுக்கும், நீண்ட முடி கொண்ட பாரசீகப் பூனைகளுக்கும், மழைக்காலத்தில் பல பூனைகளை நெருக்கமாக வைத்திருக்கும் வீடுகளுக்கும் அதிகம் வரும். முகம், காது, முன்கால் ஆகியவற்றில் தொடங்கும். அரிப்பு இல்லாமலும் இருக்கலாம். அதே வாரத்தில் வீட்டுக் குழந்தையின் கன்னத்திலோ கழுத்திலோ வளையம் போலச் சிவப்புத் திட்டு தோன்றியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் முடித்தண்டு பச்சையாக ஒளிர்ந்தால் ஒரு துப்புக் கிடைத்தது; ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல, ஒளிராத வகைகளும் நிறைய. முடியைப் பிடுங்கிப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதே நம்பகமானது.

இங்கே மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கலவைக் களிம்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த அந்தக் குழாய்களைத் தடவினால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும். பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே போகும். மனிதர்களுக்கே தீமை செய்பவை, நக்கி விழுங்கும் பூனைக்கு இன்னும் கேடு. மருத்துவர் தரும் வாய்வழி மருந்தை வாரக்கணக்கில் முடிக்க வேண்டும். முடி முளைத்துவிட்டது என்று நடுவில் நிறுத்துவதுதான் மறுபடி வருவதற்குப் பொதுவான காரணம். உதிர்ந்த முடியில் ஒட்டிய பூஞ்சை விதைகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால், பூனையை எளிதில் துடைக்கக்கூடிய ஓர் அறையில் வைத்து, முடியை முழுக்கப் பெருக்கி எடுத்தபின் தரையை நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைத்து, காய்ந்த பிறகே பூனையை விட வேண்டும்.

தாடையில் கரும்புள்ளிகள்

மிளகு தூவியது போல இருக்கும். தெள்ளுத் துகள் என்று குழம்புவார்கள், ஆனால் ஈரப் பஞ்சில் சிவக்காது. எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வரும் முகப்பருதான். பிளாஸ்டிக் கிண்ணத்தை எறிந்துவிட்டு எவர்சில்வரோ பீங்கானோ வைத்து, தினமும் கழுவினால் பெரும்பாலும் குறையும். பிதுக்காதீர்கள். வீங்கிச் சீழ் வைத்தால் மட்டும் மருத்துவர்.

முகத்தையும் கழுத்தையும் மட்டும் பிறாண்டிப் புண்ணாக்குகிறது

தெள்ளும் காதுப்பூச்சியும் இல்லை என்று உறுதியான பிறகு, ஆண்டு முழுவதும் மாறாத இந்த அரிப்புக்கு உணவு ஒவ்வாமை ஒரு முக்கியக் காரணம். மேலுதட்டில் வலியில்லாமல் பள்ளம் விழுந்த புண்ணோ, பின்தொடையில் கயிறு போலத் தடிப்போ கூடவே இருந்தால் அதுவும் ஒவ்வாமையின் சாயலே. புதிதாக மாற்றிய உணவின் மேல்தான் பழி விழும். உண்மையில் ஒவ்வாமை என்பது நெடுநாள் தின்று பழகிய புரதத்தின் மீதே பெரும்பாலும் உண்டாகிறது. பூனைகளிடம் மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவை அதிகம் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கின்றன. நம் வீடுகளில் அது பெரும்பாலும் மத்தியும் கோழித்தலையும் கலந்த சோறாக இருக்கும்.

இரத்தப் பரிசோதனையால் இதை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. பூனை வாழ்நாளில் தின்றிராத ஒரு புரதத்தையோ, புரதத்தை நுணுக்கிச் சிதைத்துத் தயாரித்த மருத்துவ உணவையோ மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதே சோதனை. மட்டும் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பாட்டி ரகசியமாக வைக்கும் கருவாட்டுத் துண்டு, பக்கத்து வீட்டார் ஊற்றும் பால், மீன் சுவையேற்றிய புழு மாத்திரை ஆகிய ஏதேனும் ஒன்று போதும், எண்ணிய வாரங்கள் கணக்கில் சேராமல் போக. குறைந்தால் பழைய உணவை மீண்டும் கொடுத்து, அரிப்புத் திரும்பி வருகிறதா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒன்றை மறக்கக்கூடாது: பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தே கிடைத்தாக வேண்டும். தயிர்ச்சோற்றை மட்டும் ஊட்டி ஒவ்வாமையை ஆற்றலாம் என்று இறங்கினால் கண்ணும் இதயமும் கெடும்.

தொட்டால் கடிக்கிறது, முதுகுத் தோல் அலை அலையாகத் துடிக்கிறது

சாதுவாக இருந்த பூனை திடீரென்று கடிக்கத் தொடங்கினால் முதலில் வலியைத் தேடுங்கள். வெளியே போய்வரும் கடுவனாக இருந்தால், கன்னம், முன்கால், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். சண்டையில் பட்ட பல் ஊசி முனை அளவுக்கே துளையிடும். மேலே மூடிக்கொண்டு, இரண்டு நாளில் உள்ளே சீழ்க்கட்டி திரளும், காய்ச்சலும் வரும். கருத்தடை செய்தால் சண்டையும் இந்தக் கட்டிகளும் பெருமளவு குறைகின்றன. கட்டி ஏதும் இல்லாமல், முதுகைத் தொட்டதும் தோல் நெளிந்து, கண் விரிந்து, வாலையே விரட்டிக் கடித்துக்கொண்டு ஓடுகிறதென்றால் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தெள்ளு, முதுகெலும்பு வலி, நரம்புக் கோளாறு ஆகிய மூன்றையும் மருத்துவர் விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

தடவிக்கொண்டே இருக்கும்போது கடைசியில் கடிப்பது வேறு, அது நோயல்ல. வால் நுனி சொடுக்கத் தொடங்கி, காது பக்கவாட்டில் திரும்பியபோதே அது போதும் என்று சொல்லிவிட்டது, நாம்தான் கேட்கவில்லை. எப்படிக் கடித்திருந்தாலும் பல் பதிந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசி குறித்து அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று விடக்கூடாது.

முதுகில் பொடுகு, இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடிக்கிறது

நக்குவது கூடியதால் அல்ல, குறைந்ததால் வருவது இது. எடை கூடிய பூனைக்கு இடுப்பு எட்டாது; வயதான பூனைக்கு மூட்டு வலியால் திரும்ப முடியாது. முன்பு ஒரே தாவலில் ஏறிய அலமாரிக்கு இப்போது நாற்காலி வழியாக ஏறுகிறதென்றால் அதுவே மூட்டுவலியின் அடையாளம். பத்து வயதைக் கடந்த பூனை நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே வந்தால் தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குளிப்பாட்டித் தீர்க்க முயல வேண்டாம். தினமும் மென்மையாகச் சீவிவிட்டால் போதும்.

எந்த அறிகுறிக்கும் கொடுக்கக் கூடாதவை

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. காய்ச்சலென்று நினைத்துக் கொடுக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்; ஈறு பழுப்பாக மாறும், முகம் வீங்கும், மூச்சு முட்டும். மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், தேயிலை மர எண்ணெய், டெட்டால் ஆகியவற்றை உடம்பில் தடவவும் கூடாது. பினாயிலால் தரை துடைக்கும் வீட்டில், ஈரம் முழுக்கக் காயும்வரை பூனையை வேறு அறையில் அடைத்து வையுங்கள். பாதத்தில் ஒட்டியதை அது நக்கத்தான் போகிறது.

மருத்துவரிடம் போகும்போது

போவதற்கு முந்தைய நாள் பூனையைக் குளிப்பாட்டாதீர்கள். பொருக்கும் துகளும்தான் அவருக்கு வேண்டிய சான்று. புண்ணின்மேல் மஞ்சளோ களிம்போ பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் காட்டினால் பத்து நிமிட விளக்கம் மிச்சமாகும். என்ன உணவு, கடைசியாக எந்தப் பூச்சி மருந்து எந்தத் தேதியில், வேறு பூனைகள் உண்டா, வீட்டில் யாருக்கு அரிப்பு ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பூனை கத்தும் கத்தலில் அங்கே போனதும் பாதி மறந்துவிடும். கூடையில் அதன் பழைய படுக்கைத் துணியையே விரித்து, மேலே ஒரு துண்டால் மூடினால் கத்தல் குறையும். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903ஆம் ஆண்டு முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே நாய்களோடு வரிசையில் காத்திருக்க நேரலாம் என்பதால், கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.